பதினோராம் படியின் நிறைகுறைகள்

திவ்யதர்ஷினி மாடியைப் பார்த்துவிட்டுப் போன மறுநாள் காலை ஹஸீனாவின் கைப்பேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது.

“சாரிக்கா, இடம் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. அம்மாதான் வேணாங்கறாங்க லா. அது கதையில வர்ற வீடாம்.”

ஹஸீனா வீட்டு முகவராகப் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். ஒரு வீட்டை வேண்டாம் என்று சொல்ல மனிதர்கள் கண்டுபிடிக்கும் காரணங்களை நிறையக் கேட்டிருக்கிறாள். வாசல் தெற்குப் பார்த்திருக்கிறது, எதிர் புளோக்கில் முன்னாள் கணவன் குடியிருக்கிறான், லிஃப்ட்டில் நாய் வாடை அடிக்கிறது. கதையில் வருகிறது என்று யாரும் சொன்னதில்லை.

தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், காதர் மைதீனுக்குச் சொந்தமான பழைய கடைவீட்டின் மேல்மாடி அது. கீழே அவர் பயணப்பெட்டிக் கடை வைத்திருந்தார். மேலே எட்டு மாதமாக ஆளில்லை. துணைப்பாட நிலையம் நடத்த இடம் தேடிய திவ்யதர்ஷினி மாடியைச் சுற்றிப் பார்த்து, வெள்ளைப் பலகை எங்கே மாட்டுவது என்பதுவரை முடிவு செய்திருந்தாள். ஹஸீனா அவளைத் திரும்ப அழைத்து என்ன கதை என்று விசாரித்தாள். அம்மா ஒரு நாவல் படித்துக்கொண்டிருக்கிறாராம். பாதி படித்ததற்கே பயந்துபோய்ப் புத்தகத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாராம். அட்டைப் படத்தையும் அனுப்பினாள்.

‘பதினோராம் படி’, எழுதியவர் ப. தனசேகரன். அட்டையில் அதே வீடு. பச்சை மரச் சன்னல்கள், மயில் போட்ட ஓடுகள், எல்லாம் அப்படியே இருந்தன. காதர் மைதீன் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கும் பெட்டிகளை மட்டும், இந்த ஊரில் ஒருநாளும் இறங்காத மூடுபனி ஒன்று மறைத்திருந்தது. மேல் சன்னலில் வெள்ளைச் சேலை கட்டிய பெண் ஒருத்தி நின்றாள்.

காதர் மைதீன் படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார். முதலில் தன் கடைப் பெயர்ப்பலகை எங்கே போயிற்று என்று கேட்டார். பிறகுதான் சன்னலில் நிற்பவள் யார் என்று கேட்டார். அட்டையின் கீழே ‘காத்திக் மர்ம நாவல்’ என்றிருந்ததை ‘கார்த்திக்’ என்று படித்துவிட்டு, எழுதினவர் பெயர் தனசேகரன் என்றால் இந்தக் கார்த்திக் யார் என்றும் கேட்டார். இருட்டான பழைய வீடு, பூட்டிய அறை, அங்கே புதிதாக வந்து சேரும் பெண், அவளிடம் யாரும் சொல்லாத ரகசியம், இதெல்லாம் இருக்கும் கதைக்கு அப்படி ஒரு பெயர் என்று ஹஸீனா கைப்பேசியில் தேடிப் பார்த்துச் சொன்னாள்.

“அந்த மாடியில எங்க அத்தாவோட தம்பி, சின்னத்தா மட்டும்தாம்மா இருந்தாரு,” என்றார் காதர் மைதீன். “எம்பத்தெட்டு வயசுல ஆஸ்பத்திரியில மௌத்தானாரு. கஞ்சியில உப்பில்லைன்னு நர்ஸோட சண்டை போட்டுக்கிட்டே போனாரு. இதுல என்ன மர்மம்?”

அட்டையை மாற்றச் சொல்லிவிட்டு வரும் பொறுப்பு ஹஸீனாவின் தலையில் விழுந்தது.

புத்தகத்தில் இருந்த எண்ணைக் கேட்டு வாங்கி அழைத்தபோது நாகம்மா எடுத்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மாதம் ஒருமுறை நூலக அறை ஒன்றில் வாசகர் வட்டம் நடத்துபவர். தனசேகரன் தன் நாவலைத் தானே அச்சடித்து, விற்பனைக்கு நாகம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தார். ஹஸீனா தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதற்குள், நாவலைப் படித்தீர்களா என்று நாகம்மா கேட்டார். புகார் சொல்லப்போகிறவள் படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வது நன்றாக இருக்காது என்று நினைத்து, படித்தேன் என்றாள். முழுவதுமா என்று கேட்டார் நாகம்மா. முழுவதும் என்றாள்.

நாகம்மாவின் குரலே மாறிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே நாவலுக்குத்தான் கூட்டம். நிறைகுறைகளைப் பேச ஒப்புக்கொண்டிருந்தவர் ஜோகூரில் கல்யாணம் என்று கடைசி நேரத்தில் நழுவிவிட்டார். மற்றவர்களில் நானூறு பக்கத்தையும் முடித்தவர் யாரும் அகப்படவில்லை. ஹஸீனா யோசித்துப் பார்த்தாள். மைக் கிடைக்கும், எதிரில் ஆட்கள் இருப்பார்கள், அந்த வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லலாம். வருகிறேன் என்றாள்.

“நிறை பத்து நிமிஷம், குறை ரெண்டு நிமிஷம்மா,” என்றார் நாகம்மா. “குறையையும் கேக்கறவங்களுக்கு நிறை மாதிரியே படணும்.”

இனிமேல்தான் அவள் நாவலைப் படிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்குப் பிறகு ஹஸீனா தமிழில் ஒரு புத்தகத்தையும் முடித்ததில்லை. வாடகை ஒப்பந்தம் படிக்கும் பழக்கத்தில் மஞ்சள் மார்க்கரை எடுத்துக்கொண்டு, பூன் லேயிலிருந்து ரயில் ஏறியதும் முதல் பக்கத்தைத் திறந்தாள். ஆரம்பத்தில் கோடு போட இடம் தேவைக்குக் குறைவில்லாமல் கிடைத்தது. ஐம்பதுகளில் நடக்கும் கதை. அம்சவேணி என்ற ஏழைப் பெண், படுத்த படுக்கையாகக் கிடக்கும் வணிகரைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்கு வருகிறாள். வணிகரின் முதல் மனைவி ஒருநாள் காணாமல் போனவள். பின்கட்டு அறை எப்போதும் பூட்டியிருக்கிறது. அந்த வீட்டில் அரிசி மூட்டை தூக்குகிறவன்கூட வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசினான். மூட்டை எவ்விடம் வைக்கப்பட வேண்டும் என்று கேட்டான். ஹஸீனா அதற்குக் கோடு போட்டாள். சத்தம் கேட்கும் இடத்துக்கெல்லாம் அம்சவேணி விளக்கைப் போடாமலே போனாள். அதற்கும் போட்டாள்.

நூறாம் பக்கத்துக்கு மேல் மார்க்கர் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்சவேணி படிகளில் ஏறி மேலே போய் நின்றுவிடுவாள். அதன்பிறகு, கீழே யாருமே இல்லாத படிக்கட்டில், பதினோராம் படி மட்டும் ஒருமுறை முனகும். அவ்வளவுதான். பேய் வரவில்லை, யாரும் அலறவில்லை. அடுத்த வரியில் அம்சவேணி கஞ்சிக்கு அரிசி களையப் போய்விட்டாள். ஹஸீனா தலையை நிமிர்த்தியபோது ரயில் அவள் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி மூன்று நிலையங்கள் போயிருந்தது.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, ஏர்கான் பழுது பார்க்க வருகிறவருக்குக் கதவைத் திறந்துவிட அந்த மாடிக்குப் போனாள். சந்து முழுக்க வெயில். எதிர்க்கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாதத்தில் நாற்பது தடவையாவது ஏறி இறங்கிய படிக்கட்டு. எண்ணியது அன்றுதான் முதல் தடவை. பத்தாம் படிக்கு வந்ததும் காலை அகட்டி வைத்துப் பன்னிரண்டாவதற்குத் தாவினாள். மேலே போய் நின்றபோது, தான் காது கொடுத்துக் காத்திருப்பது தெரிந்தது. தன் மேலேயே கோபம் வந்தது. இறங்கிப்போய்க் காதர் மைதீனின் கடை வாசலில் ஒரு பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஏர்கான்காரர் வரும்வரை வெளியிலேயே இருந்தாள்.

கடைசி நாற்பது பக்கங்களை வெள்ளிக்கிழமை முடித்தாள். அதில் ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து விளக்கினார். ஈரமாகவே இருந்த சுவருக்குள் ஓடியது பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய். பதினோராம் படியில் ஆணி கழன்றிருந்தது. முதல் மனைவியை ஒளித்துவைத்தது வணிகரின் தம்பி. அதற்கு ஏழு காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், சாட்சி. ஹஸீனாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. அது ஏன் ஏமாற்றம் என்பது அவளுக்கே விளங்கவில்லை. அவள் மைக்கில் சொல்ல நினைத்ததும் அதுதானே, அந்த வீட்டில் ஒன்றுமில்லை என்று.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். தனசேகரன் தேய்த்த சட்டையில் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. மடியில் நோட்டும் பேனாவும் தயாராக இருந்தன. பக்கத்தில் அவர் மனைவி லட்சுமி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து ஆரம்பத்திலிருந்தே படமெடுத்துக்கொண்டிருந்தார். ஹஸீனாவுக்கு முன்னால் பேசியவர் இந்த நாவல் ஒரு மைல்கல் என்று நான்கு தடவை சொன்னார். நாவலில் வருகிற ஒரு ஆளின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

ஹஸீனா மேடைப் பேச்சுத் தமிழில் ஆரம்பித்து, இரண்டு வாக்கியத்தில் தடுக்கி, வீடு காட்டும்போது பேசுகிற தமிழுக்கு வந்துவிட்டாள். நிறையைச் சொன்னாள். ரயிலில் மூன்று நிலையம் தாண்டிப் போனதைச் சொன்னாள். பட்டப்பகலில் ஒரு படியைத் தாண்டிக் குதித்ததையும் சொன்னாள். வீடு வாங்க வருகிறவர்கள் அறையின் அளவைக் கேட்பார்கள், ஆனால் வீட்டைக் காது கொடுத்துக் கேட்கிறவர் குறைவு, இதை எழுதியவர் கேட்டிருக்கிறார் என்றாள். தனசேகரன் குனிந்து எழுதிக்கொண்டார்.

பிறகு குறைக்கு வந்தாள். மூட்டை தூக்குகிறவனின் செந்தமிழைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். அம்சவேணி ஏன் விளக்கைப் போடவில்லை, அந்தப் படிக்கட்டில் ஏறும்போதே இடது கைப் பக்கம் சுவிட்ச் இருக்கிறது, தனக்குத் தெரியும் என்றாள். நாகம்மா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஹஸீனா நிறுத்தவில்லை.

“முன்னூத்தி அறுபது பக்கம் நீங்க எங்களைப் பயமுறுத்துறீங்க சார். அப்புறம் உங்களுக்கே பயம் வந்து எல்லா லைட்டையும் போட்டுட்டீங்க. அந்தக் கடைசி நாப்பது பக்கம் கதையா இல்லை. வேலையிடத்துல ஆக்ஸிடென்ட் ஆனா ஒரு ரிப்போர்ட் எழுதுவாங்களே, அது மாதிரி இருக்கு.”

லட்சுமி கைப்பேசியை மெல்ல இறக்கினார். தனசேகரன் எழுந்தார்.

“நான் துவாஸ்ல ஒரு ஃபேக்டரியில சேஃப்டி ஆபீஸர் மேடம்,” என்றார். “இருபத்தாறு வருஷமா அந்த ரிப்போர்ட்தான் எழுதுறேன்.”

அறை முழுக்கச் சிரித்ததில் நாகம்மாவின் சிரிப்புதான் கடைசியில் நின்றது. தனசேகரன் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் நெடுநாள் வலிக்குப் பெயர் தெரிந்துவிட்ட ஒருவரின் நிம்மதி இருந்தது.

தேநீர் நேரத்தில் ஹஸீனா தான் வந்த காரியத்தைச் சொன்னாள். அந்த வீட்டில் எந்தக் காலத்தில் குடியிருந்தீர்கள் என்றும் கேட்டாள். தனசேகரன் உள்ளே போனதே இல்லை. லட்சுமி சேலைக் கடையில் இரண்டு மணி நேரம் இருந்த ஒரு நாள், எதிர்ப்பக்கம் நின்று படம் எடுத்ததோடு சரி. மாடியும் படிக்கட்டும் ஈரச் சுவரும் அவராக வைத்தவை. எங்கே யார் வழுக்கி விழலாம், எது எப்போது இற்றுப்போகலாம் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய புத்தி, ஒரு வீட்டைக் கற்பனை செய்தாலும் அப்படித்தான் செய்யும் என்றார். தன் கதையால் ஒருவரின் வீடு வாடகைக்குப் போகவில்லை என்பது அவரை உண்மையாகவே கலங்கடித்தது. வந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை வந்தார். முனை மூடிய காலணி, டார்ச், நோட்டு. காதர் மைதீன் சண்டைக்குத் தயாராகச் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். ஆனால் நாவலாசிரியர் பேயைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. படி படியாகக் குந்தி உட்கார்ந்து தட்டிப் பார்த்தார். பதினோராம் படி கல் மாதிரி இருந்தது. நான்காவது, ஒன்பதாவது ஆடின. கைப்பிடி தளர்ந்திருந்தது. பின்சுவரில் உண்மையிலேயே ஈரம் இருந்தது, பக்கத்துக் கடையின் குழாய்தான் காரணம். மின் இணைப்புப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, சரிசெய்யும்வரை யாரும் இதைத் தொட வேண்டாம் என்றார். பதினான்கு குறைகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காதர் மைதீனிடம் நீட்டினார்.

“ஒரு பேய்னா ஓதிப் பாத்து அனுப்பிடலாம்,” என்றார் காதர் மைதீன் ஹஸீனாவிடம். “இவரு பதினாலு கொண்டாந்திருக்காரு.”

ஆனாலும் அந்த மின்பெட்டியைப் பற்றித் தனசேகரன் சொன்ன விதத்தைக் காதர் மைதீனால் தள்ளிவிட முடியவில்லை. பெயர்ப்பலகையையும் அட்டையையும் மறந்துவிட்டு அந்த வாரமே ஆள் கூப்பிட்டு வேலையைத் தொடங்கினார்.

கிளம்பும்போது தனசேகரன் ஹஸீனாவிடம் தனியாகச் சொன்னார். இரண்டாம் பதிப்பு போடப்போகிறார். அட்டையை மாற்றிவிடுகிறார். மூட்டைக்காரனைப் பேசாமல் தூக்கவைக்கப்போகிறார். அம்சவேணி இருக்கும் வீட்டில் மின்சாரத்தையே எடுத்துவிடப்போகிறார். கடைசி நாற்பது பக்கமும் போகிறது. ஹஸீனாவுக்குப் பெருமையாக இருந்தது. தான் சொன்னதை ஒரு வாடிக்கையாளரும் இவ்வளவு முழுமையாகக் கேட்டதில்லை.

பத்து நாள் கழித்துத் திவ்யதர்ஷினி அழைத்தாள். மாடி இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

“அம்மா தைரியம் வந்து புக்கை முடிச்சுட்டாங்கக்கா. கடைசியில எல்லாத்தையும் எக்ஸ்பிளெயின் பண்ணிட்டாராம். வெறும் பைப்பும் ஆணியும்தானாம். இப்ப எடுத்துக்கோன்னு அவங்களே சொல்றாங்க.”

காலியாகத்தான் இருக்கிறது என்றாள் ஹஸீனா. இருபத்து மூன்று பேர் முன்னால் அவள் கிழித்துப் போட்ட நாற்பது பக்கங்கள்தான் அவளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்திருக்கின்றன. ஒப்பந்தம் அடுத்த வாரம் கையெழுத்தானது. இரண்டு வருடம். அன்றுவரை தனசேகரனுக்கு அவள் போன் செய்யவில்லை. முதலில் ஒப்பந்தம் கைக்கு வரட்டும் என்று வைத்திருந்தாள். கையெழுத்தான அன்று மாலையே செய்துவிட்டாள்.

அவர் கேட்டு ஆடிப்போனார். அப்படியானால் அந்தப் பக்கங்களால் ஒரு வாசகருக்கு நிம்மதி கிடைத்திருக்கிறது, எடுத்துவிடுவது தவறில்லையா என்று கேட்டார். ஆமாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். துணைப்பாட நிலையம் திறக்கப்போகிறது, இன்னும் எத்தனையோ அம்மாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களில் யாராவது படிக்கிறவர்களாக இருக்கலாம்.

“உங்க கதைக்கு அது வேணாம் சார்,” என்றாள் ஹஸீனா. “என் வீட்டுக்குத்தான் வேணும்.”

அவர் நன்றி சொன்னார். எடுத்துவிடுகிறேன் என்றார்.

எடுக்க முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டுச் சொன்னார், பக்கத்து அறையில் ஆள் இருக்கிறவர் பேசுகிற குரலில். அந்த இன்ஸ்பெக்டர் லட்சுமியின் தம்பி. பெயர்தான் வேறு, மீசை, நடை, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற விதம் எல்லாம் மச்சானுடையது. கிள்ளானில் இருக்கும் லட்சுமியின் சொந்தக்காரர்கள் அதற்காகவே ஆளுக்கொரு பிரதி வாங்கியிருந்தார்கள். இன்ஸ்பெக்டரை நீக்கப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து லட்சுமி பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் மேசைக்கு வருகிறது. இது இலக்கியக் குறை இல்லை, குடும்ப விஷயம் என்று மட்டும் ஹஸீனா சொன்னாள்.

ஐந்து மாதம் கழித்து இரண்டாம் பதிப்பு தபாலில் வந்தது. அட்டையில் வீடு இல்லை, ஒரு படிக்கட்டு மட்டும். ஹஸீனா அதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தேக்கா உணவுக் கடைகளுக்கு நடுவே, தே தாரிக் தேநீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசியிலிருந்து திறந்தாள்.

தனசேகரன் லட்சுமியோடு ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தார். நாற்பது பக்கம் ஒன்றரைப் பக்கமாகியிருந்தது. இன்ஸ்பெக்டர் வருகிறார். மீசை அப்படியே இருக்கிறது. மாடிக்கு ஏறிப் போகிறார். அம்சவேணி கீழே நின்று படிகளை எண்ணுகிறாள். நெடுநேரம் கழித்து அவர் இறங்கி வருகிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். மேலே என்ன இருந்தது என்று அம்சவேணி கேட்கிறாள். ஒன்றுமில்லை என்கிறார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது, உனக்கு வேறு போக்கிடம் இருக்கிறதா அம்மா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். கதை அங்கே முடிந்தது.

ஹஸீனா அதை இரண்டாம் முறை படித்தாள். சுற்றிலும் தட்டுகளின் சத்தம், பரோட்டா தட்டுகிற சத்தம், நம்பர் கூப்பிடுகிற சத்தம். அவள் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தே தாரிக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, ஆட்கள் அடர்த்தியாக இருந்த நடு மேசையில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தாள். பிறகு தனசேகரனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். இந்தத் தடவை குறை எதுவும் இல்லை, லட்சுமி அக்காவிடமும் சொல்லிவிடுங்கள் என்று.